நவம்பரில் நியூபோர்ட்டிலிருந்து கரீபியனுக்குப் பாய்மரப் படகில்: எந்த நாள் புறப்படுவது, எந்த வழி போவது

அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையைக் கழித்த பாய்மரப் படகுகள், குளிர் இறுகுவதற்குள் கரீபியன் தீவுகளுக்கு இறங்கப் பார்க்கும். 35 முதல் 50 அடி நீளமுள்ள படகு, மூன்று நான்கு பேர், நில்லாமல் போனால் பத்து நாள் கடல். தொலைவு பெரிதல்ல. புறப்படும் காலம்தான் சிக்கல். அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30 வரை கணக்கு. அது முடியட்டும் என்று காத்திருந்தால் வடக்கே கடுங்குளிர்ப் புயல்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். தெற்கே சூறாவளி, வடக்கே குளிர்காலப் புயல், இரண்டும் பாதி பாதியாக இருக்கும் சில வாரங்களில் கிளம்பியாக வேண்டும்.

நம் கடலிலும் இதே மாதங்கள்தான் கெட்ட மாதங்கள். 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் சிதைத்தது. பாய்மரக் காலத்துக் கப்பற்படைகள் ஐப்பசி பிறக்கும் முன்பே சோழமண்டலக் கரையை விட்டு விலகப் பார்த்தது அதனால்தான். அங்கே அவர்கள் கரையை விட்டு விலகினால் போதும். இங்கே ஒரு பெருங்கடலின் மோசமான பகுதியைக் குறுக்கே கடந்தாக வேண்டும்.

1. முதலில் மாதம், பிறகு வாரம்

நியூபோர்ட் போன்ற நியூ இங்கிலாந்துத் (அமெரிக்காவின் வடகிழக்கு மூலை) துறைகளிலிருந்து கிளம்புவோருக்கு அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் 10 வரை உகந்த காலம். செசாபீக் விரிகுடாவின் வாயிலில் உள்ள ஹாம்ப்டன், நார்ஃபோக் பக்கமிருந்து என்றால் நவம்பர் முதல் மூன்று வாரங்கள். தெற்கே இருக்கும் துறைக்குக் கூடுதல் நாள் கிடைக்கும் என்பதால், நியூ இங்கிலாந்துப் படகுகள் பல அக்டோபரிலேயே கரையோரமாகச் செசாபீக்குக்கு இறங்கி அங்கே காத்திருக்கும். நல்ல பழக்கம். நவம்பர் நடுவில் நியூபோர்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அங்கிருந்தே கிளம்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இதையே செய்வது நல்லது.

காப்பீட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட தேதிக்கு முன், குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே போனால் பெயரிடப்பட்ட புயலால் வரும் சேதத்துக்குப் பணம் இல்லை என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். தேதி ஒவ்வொன்றிலும் வேறு. அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நவம்பரில் சூறாவளி வராது என்று யாரும் எண்ண வேண்டாம். 1999 நவம்பரில் லென்னி மேற்குக் கரீபியனில் பிறந்து, வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, நான்காம் வகைச் சூறாவளியாக செயின்ட் குரோய், செயின்ட் மார்ட்டின் பக்கம் போனது. கிழக்குக் காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று மேற்குக் கரைகளில் நங்கூரமிட்ட படகுகள் மேற்கிலிருந்து வந்த அலையில் கரையேறின. 2011 நவம்பர் 8இல் ஷான் என்ற புயல் பெர்முடாவுக்குத் தென்மேற்கே உருவானது. படகுகள் தெற்கே இறங்கும் வழி சரியாக அதுதான். இந்த மாதத்துப் புயல்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வருவதில்லை. மேற்குக் கரீபியனில் பிறக்கும், இல்லையென்றால் பழைய குளிர்முகம் (வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றின் முன்விளிம்பு) ஒன்று தெற்கே வந்து நின்றுபோன இடத்தில் முளைக்கும். இரண்டாவது வகைக்கு எச்சரிக்கை நேரம் குறைவு.

2. வழியைத் தேர்வது

நியூபோர்ட்டிலிருந்து பெர்முடா 635 கடல் மைல். பெர்முடாவிலிருந்து செயின்ட் மார்ட்டின் அல்லது ஆன்டிகுவா 850 முதல் 950 கடல் மைல். 6.5 நாட் (மணிக்கு 6.5 கடல் மைல்) வேகத்தில் முதல் பகுதிக்கு நான்கு நாள், இரண்டாவதற்கு ஆறு நாள். இந்த வழியின் பலம் அந்த நான்கு என்ற எண்ணில் இருக்கிறது. வானிலை முன்னறிவிப்பை நான்கைந்து நாள்வரைதான் நம்பி முடிவெடுக்கலாம். ஆறாம் ஏழாம் நாளில் அது போக்கைக் காட்டும், நேரத்தைச் சொல்லாது. பெர்முடாவில் நிறுத்தினால் ஆபத்தான பகுதி முழுவதும் ஒரே முன்னறிவிப்புக்குள் அடங்கும். அங்கே இளைப்பாறி, உடைந்ததைச் சரிசெய்து, அடுத்த பகுதிக்குப் புதிதாக நாள் பார்க்கலாம்.

செசாபீக்கிலிருந்து நேரே விர்ஜின் தீவுகளுக்குப் போவது 1,300 கடல் மைலுக்கு மேல், ஒன்பது முதல் பதினோரு நாள். கிழக்கே, தென்கிழக்கே ஓடி 65 பாகை மேற்குத் தீர்க்கரேகையை எட்டிய பிறகு தெற்கே திரும்புவது வழக்கம். தெற்கே வணிகக் காற்று கிழக்கிலிருந்து வீசும். வடக்கே இருக்கும்போதே கிழக்கை ஈட்டாதவர்கள் கடைசி 400 மைலும் காற்றை எதிர்த்து முட்டிக்கொண்டு போவார்கள். வழியில் ஒரு குளிர்முகமாவது கட்டாயம் மேலே வரும். அது வரும்போது 30 பாகை வடக்குக்குத் தெற்கே இருந்துவிட்டால், முகம் வலுவிழந்துதான் வந்து சேரும். அடுத்துச் சொல்லப்போகும் வளைகுடா நீரோட்டத்துக்குள் இருந்தால் கதை வேறு.

வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனையைக் கடல்வழியாகச் சுற்றுவதைத் தவிர்க்க விரும்புவோர் நார்ஃபோக்கிலிருந்து உள்நாட்டு நீர்வழியில் முனைக்குத் தெற்கே உள்ள பியூஃபோர்ட்டுக்குப் போகலாம். பாலங்களின் உயரம் 65 அடி என்பது கணக்கு, அவற்றில் வில்கர்சன் பாலம் 64 அடிதான். காற்று சவுண்டின் (கரையோர உப்பங்கழியின்) நீரை ஏற்றிவிட்ட நாளில் இன்னும் குறையும். ஆன்டெனாவையும் சேர்த்துப் பாய்மரத்தை அளந்துவிட்டுப் போங்கள். புளோரிடாவரை இறங்கி பஹாமாஸ் வழியாகக் கிழக்கே போகும் வழியும் உண்டு. கடல் சிறிது, ஆனால் பல வாரம் எதிர்க்காற்று. அவசரமில்லாதவர்களுக்கு மட்டும்.

3. வளைகுடா நீரோட்டம்

மொத்தப் பயணத்திலும் உயிரைக் கேட்கும் இடம் இதுதான். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வரும் வெந்நீர் ஆறு, ஹேட்டரஸைத் தாண்டி வடகிழக்காகத் திரும்பி, வளைந்து நெளிந்து ஓடுகிறது. அகலம் 60 முதல் 100 கடல் மைல், நடுப்பகுதியில் வேகம் 3, சில இடங்களில் 4 நாட். நம் கரையோர மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். நீவாடும் காற்றும் எதிரெதிரே வந்தால் கடல் எப்படிக் குத்தும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அலை எதிர்நீரில் நுழையும்போது அதன் நீளம் சுருங்குகிறது, உயரம் கூடுகிறது, முகம் செங்குத்தாகி உடைகிறது. வெளியே சாதாரணமாக இருந்த 2 மீட்டர் அலை உள்ளே படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் போடும் அலையாகிவிடும்.

இங்கே நீவாடு வடகிழக்கு நோக்கி. ஆகவே வடக்கு, வடகிழக்குக் காற்று நேர் எதிரி. வடமேற்கும் சேர்த்தி. விதியாகச் சொன்னால்: காற்றில் வாடைக் கூறு இருந்து, வேகம் 15 நாட்டுக்கு மேல் இருக்கும் நேரத்தில் நீரோட்டத்துக்குள் இருக்காதீர்கள். 20 நாட்வரை தாங்கும் என்று சொல்வோர் உண்டு. பழகாத ஆட்கள் இருந்தால் 15தான் சரி. இன்னொன்று, வெந்நீர்மேல் குளிர்காற்று ஓடும்போது காற்று நிலையற்றுப் புரளும். உயரே இருக்கும் வலுத்த காற்று இறங்கி அடிக்கும், திடீர் மழைக்காற்று வரும். கணினி முன்னறிவிப்பு 18 என்று காட்டும் இடத்தில் 28 அடிக்கலாம்.

நீரோட்டம் இன்று எங்கே இருக்கிறது என்பது வரைபடத்தில் நிலையாக அச்சடித்துக் கொடுக்கும் செய்தி அல்ல. வாரத்துக்கு வாரம் வளைவு மாறும். செயற்கைக்கோள் கடல்வெப்பப் படம், நீரோட்டக் கணிப்புப் படம் இரண்டையும் புறப்படும் முன் எடுத்து மூன்று புள்ளிகளை எழுதிவையுங்கள்: வடசுவரில் (நீரோட்டத்தின் வட விளிம்பில்) நுழையும் புள்ளி, வெளியேறும் புள்ளி, வழியில் உள்ள சுழல்கள். நீரோட்டத்துக்கு வடக்கே பிரிந்து நிற்கும் வெந்நீர்ச் சுழல் கடிகார முள் போகும் திசையில் சுற்றும், அதன் கிழக்கு விளிம்பில் நீர் தெற்கே ஓடும். தெற்கே உள்ள குளிர்நீர்ச் சுழல் எதிர்த்திசையில் சுற்றும், அதன் மேற்கு விளிம்பு தெற்கே ஓடும். சரியான விளிம்பைப் பிடித்தால் மணிக்கு ஒன்று இரண்டு மைல் இலவசம். தவறான விளிம்பில் போனால் அதே அளவு நட்டம், அத்தோடு வாடைக்காற்று நாளில் குத்தும் கடல்.

கடக்கும்போது படகின் முனையைக் குறுக்காக வைத்துக் கடந்துவிடுங்கள். நீரோட்டம் கிழக்கே தள்ளுவதைத் திருத்துகிறேன் என்று எதிர்த்துத் திருப்பினால் உள்ளே இருக்கும் நேரம்தான் நீளும். அதற்குப் பதில் பெர்முடாவுக்குப் போகும் நேர்கோட்டுக்கு 25 முதல் 30 மைல் மேற்கே நுழையுங்கள். 12 மணி நேரத்தில் சராசரி 2 நாட் தள்ளினால் 24 மைல், வெளியே வரும்போது கோட்டருகே இருப்பீர்கள். நுழைந்ததை வெப்பமானி சொல்லும். சில மைல்களுக்குள் நீர் ஐந்து பாகைக்கு மேல் ஏறும், எதிரே மேகக்கோடு தெரியும்.

4. முன்னறிவிப்பைப் படிப்பது

புறப்படுவதற்கு பத்து நாள் முன்பிருந்தே தினமும் பார்க்கத் தொடங்குங்கள். அமெரிக்க ஓஷன் பிரடிக்‌ஷன் சென்டர் வெளியிடும் காற்றழுத்த வரைபடங்கள் 24, 48, 72, 96 மணி நேரத்துக்கு வரும், மனிதர்கள் பார்த்துத் திருத்தியவை. இவற்றை முதன்மையாக வையுங்கள். கூடவே ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணினி மாதிரி, ஐரோப்பிய மாதிரி இரண்டின் கிரிப் கோப்புகளும் (கணினி முன்னறிவிப்புத் தரவு) வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் நாள் நம்பத் தகுந்த நாள். மாதிரியின் அடுத்தடுத்த ஓட்டங்களில் குளிர்முகம் வரும் நேரம் பன்னிரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருந்தால், நீங்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு இடைவெளியும் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

கிரிப் தருவது சராசரிக் காற்று. குளிர்முகத்தின் ஓரத்தில் வீச்சு அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எதிர்பாருங்கள். அலை உயரம் என்று தரப்படுவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஒரு நாள் முழுதும் அந்தக் கடலில் இருந்தால் அதன் இரண்டு மடங்கை நெருங்கும் அலை ஒன்றைச் சந்திப்பீர்கள்.

தெற்கே புயல் ஏதும் பெயர் பெற்றிருந்தால் 1-2-3 விதியைப் பயன்படுத்துங்கள். முன்னறிவிப்பில் காட்டும் புயல் நிலையைச் சுற்றி 34 நாட் காற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அந்த ஆரத்தோடு, 24 மணி நேர நிலைக்கு 100 மைல், 48க்கு 200, 72க்கு 300 கூட்டி வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களுக்குள் உங்கள் வழி நுழையக் கூடாது. நேஷனல் ஹரிக்கேன் சென்டரின் ஏழு நாள் பார்வையில் மேற்குக் கரீபியனிலோ பெர்முடாவுக்குத் தெற்கிலோ புயல் பிறக்கலாம் என்று நிழலிட்டிருந்தால், வட்டம் போட எதுவும் உருவாகும் முன்பே பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

5. புறப்படும் மணியைக் கணக்கிடுவது

நவம்பரில் குளிர்முகம் நான்கு முதல் ஆறு நாளுக்கு ஒன்று வரும். முன்னே தென்மேற்குக் காற்று ஏறும், முகம் தாண்டியதும் வடமேற்காகத் திரும்பி 25 முதல் 35 நாட் அடிக்கும், பிறகு ஒன்றரை நாளில் அடங்கும். முகத்தின் பின்னால் கிளம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பின்னால் என்பதில்தான் தவறு நடக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். முகம் திங்கள் மாலை நியூபோர்ட்டைத் தாண்டுகிறது. செவ்வாய் முழுதும் வடமேற்கு 25-30. புதன் காலை 15. வியாழன் உயரழுத்தம் மேலே வர மென்காற்று. வெள்ளி தெற்கு, தென்மேற்கு 10-15. அடுத்த முகம் சனி நண்பகலில் நீரோட்டத்தை அடைகிறது, ஞாயிறு இரவு பெர்முடாவை. நீரோட்டத்தின் வடசுவர் 220 மைல் தொலைவில், அகலம் 80 மைல் என்று வைப்போம்.

புதன் காலை 6 மணிக்குக் கிளம்பி 6.5 நாட்டில் போனால் வடசுவர் வியாழன் மாலை 4 மணி. வெள்ளி அதிகாலை 4 மணிக்கு வெளியே. ஞாயிறு காலை 8 மணிக்குப் பெர்முடா. அடுத்த முகம் நீரோட்டத்துக்கு வரும்போது நீங்கள் அதற்குத் தெற்கே 200 மைலில் இருப்பீர்கள்.

செவ்வாய் காலையே கிளம்பினால் பின்காற்றில் 7.5 நாட் ஓடும், ஆட்கள் மகிழ்வார்கள். ஆனால் புதன் முற்பகல் 11 மணிக்கே வடசுவருக்கு வந்துவிடுவீர்கள். வடமேற்கு 15 இன்னும் அடித்துக்கொண்டிருக்கும், முந்தைய நாளின் அலையும் அடங்கியிருக்காது. வேகமாகப் போனதே கேடு. வியாழனுக்குத் தள்ளினால் வேறு சிக்கல்: மென்காற்றில் வேகம் 5.5க்கு இறங்கும், நீரோட்டத்திலிருந்து வெளியேற சனி நண்பகல் ஆகிவிடும். அந்நேரம்தான் முகம் அங்கே வருகிறது.

ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வேகத்தில் போடுங்கள், எதிர்பார்க்கும் வேகத்திலும் அதைவிட ஒரு நாட் குறைத்தும். இரண்டிலும் பிழைத்தால் மட்டும் கயிற்றை அவிழுங்கள். வேகம் 5 நாட்டுக்குக் கீழே இறங்கினால் தயங்காமல் இயந்திரத்தைப் போடுவது என்று முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கரையில் இருக்கும் வேலைகள்தான். ஒருவருக்கு விமானச்சீட்டு, இன்னொருவருக்கு விடுப்பு முடிகிறது, தீவில் நண்பர்கள் காத்திருக்கிறார்கள். ஆட்களை அழைக்கும்போதே புறப்பாட்டுக்கு ஏழு நாள், வந்துசேர்வதற்கு ஐந்து நாள் முன்பின் ஆகும் என்று சொல்லிவிடுங்கள். திரும்பும் விமானச்சீட்டை மாற்றத்தக்கதாக எடுக்கச் சொல்லுங்கள். 2012 அக்டோபர் 25இல், சாண்டி சூறாவளி வருவது தெரிந்தே, பவுன்ட்டி என்ற பெரிய மரக்கப்பல் நியூ லண்டனிலிருந்து புளோரிடாவுக்குக் கிளம்பியது. புயலைச் சுற்றிப் போய்விடலாம் என்பது திட்டம். நான்காம் நாள் ஹேட்டரஸுக்குத் தென்கிழக்கே மூழ்கியது. இருந்த 16 பேரில் 14 பேரைக் கடலோரக் காவல்படை மீட்டது. தலைவனும் ஒரு மாலுமியும் போய்விட்டார்கள். அவ்வளவு அகலமான புயலைச் சுற்ற அந்தக் கப்பலின் வேகம் போதாது. காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டிருந்தால் துறையிலேயே தெரிந்திருக்கும்.

6. படகில் எதைப் பார்ப்பது

முழுப் பட்டியல் இங்கே வேண்டாம். இந்த வழியில் அடிக்கடி கெடுவது மட்டும்.

டீசல் தொட்டியின் அடியில் கோடை முழுதும் படிந்த கசடு, நீரோட்டத்தின் குலுக்கலில் கிளம்பி வடிகட்டியை அடைக்கும். இயந்திரம் நின்றால் மின்கலமும் தீரும், தானியங்கிச் சுக்கானும் நிற்கும். புறப்படும் முன் தொட்டியை அடிவரை உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். முதல்நிலை வடிகட்டி குறைந்தது ஆறு கையிருப்பு. 40 அடிப் படகு மணிக்கு 3 லிட்டர் குடித்து 5 நாட் போகும் என்றால் 200 லிட்டரில் 66 மணி நேரம், அதில் கால் பங்கைத் துறைக்குள் நுழைவதற்கு ஒதுக்குங்கள்.

தண்ணீர் படகுக்குள் வரும் வழிகளில் மறக்கப்படுவது நங்கூரச் சங்கிலி இறங்கும் துளை. முனை அலையில் புதையும்போதெல்லாம் அதன்வழியே வாளி வாளியாக இறங்கும். துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து மேலே நாடா ஒட்டுங்கள். சுக்கான் கம்பிவடத்தின் இழுவையைச் சரிபாருங்கள், அவசரச் சுக்கான்பிடியை ஒருமுறையாவது மாட்டி ஓட்டிப் பாருங்கள். புயல் பாயைத் துறையிலேயே ஏற்றிப் பாருங்கள், கயிற்றின் நீளம் அங்கேதான் தெரியும். எபர்ப் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவியின் பதிவில் இப்போதைய தொலைபேசி எண்கள் இருக்க வேண்டும். இரவில் யாரும் பாதுகாப்பு வாரில்லாமல் மேல்தளத்துக்கு வரக் கூடாது. நியூபோர்ட் பக்கத்து நீர் அப்போதே கைகால் விறைக்கும் குளிர்.

முதல் 36 மணி நேரம் குளிரும் குமட்டலும்தான். சமைத்த உணவைப் புறப்படும் முன்பே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. கணக்குத் தப்பினால்

நீரோட்டத்துக்கு வடக்கே இருக்கும்போது முகம் முந்திக்கொண்டு வருகிறது என்று தெரிந்தால், உள்ளே போகாதீர்கள். வடசுவருக்கு 30 மைல் முன்பே நின்றுவிடுங்கள். முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுருக்கிய பெரும்பாயோடு சுக்கானைக் காற்றுப் பக்கம் ஏறும்படி பூட்டினால், படகு மணிக்கு ஒன்றிரண்டு மைல் மட்டும் வழுக்கியபடி அமைதியாக நிற்கும். ஒரு நாள் போகும், அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ளே இருந்தால் மிகக் குறுகிய வழியில் தெற்கே வெளியேறுங்கள், இயந்திரத்தையும் சேர்த்து. அலை உடையத் தொடங்கிப் படகு பின்னலையில் தாறுமாறாக ஓடினால் பின்புறம் இழுவைக்குடைத் தொடரை (வேகத்தைப் பிடித்து நிறுத்தும் சிறு குடைகள் கட்டிய கயிற்றை) இறக்குங்கள். அதன் பிடிப்புக் கொக்கிகள் பின்தளத்தில் முன்பே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். 40 நாட் காற்றில் துளை போட முடியாது.

8. பெர்முடாவும் அதற்குத் தெற்கும்

பெர்முடாவின் பவளப்பாறைகள் வடக்கிலும் வடமேற்கிலும் பத்து மைல்வரை நீண்டு கிடக்கின்றன. நீங்கள் வருவதும் அந்தப் பக்கமிருந்துதான். நார்த்ஈஸ்ட் பிரேக்கர், கிச்சன் ஷோல், மில்ஸ் பிரேக்கர் அடையாளங்களுக்கு வெளியே, கிழக்கே சுற்றி வாருங்கள். 30 மைலில் பெர்முடா ரேடியோ என்ற கரை நிலையத்தை விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கூப்பிடுங்கள், அவர்களே விவரம் கேட்டு வழிகாட்டுவார்கள். செயின்ட் ஜார்ஜ் துறைக்குள் நுழையும் டவுன் கட் வாய்க்கால் குறுகல். இரவில் களைப்போடு வந்தால் வெளியே நின்று விடியலில் நுழையுங்கள்.

அங்கிருந்து கிளம்புவதும் ஒரு முகத்தின் பின்னால்தான். ஆனால் இங்கே எதிர்த்து ஓடும் பெரிய நீவாடு இல்லை, ஆகவே 20 நாட் வாடை பின்னாலிருந்து தள்ளுவது வரம். அந்தத் தள்ளலில் 27 பாகைவரை இறங்கலாம். பிறகு காற்றற்ற பட்டை ஒன்று, ஒன்று அல்லது இரண்டு நாள். நீங்கள் சேமித்த டீசல் இதற்குத்தான். ஆன்டிகுவா போவோர் இந்த மென்காற்றிலேயே இயந்திரத்தோடு கிழக்கே நகர்ந்துகொள்ள வேண்டும். அது பெர்முடாவைவிட ஏறத்தாழ மூன்று பாகை கிழக்கே இருக்கிறது. விர்ஜின் தீவுகளுக்குப் போவோருக்கு அந்தக் கவலை குறைவு, நேர் தெற்கே இறங்கினால் போதும்.

25 பாகைக்குக் கீழே கிழக்குக் காற்று நிலைபெறும், 15 முதல் 20 நாட். இரவு மழைமேகம் வந்தால் பத்து நிமிடத்துக்கு முப்பதாகும், எனவே மாலையிலேயே ஒரு மடிப்புப் பாயைச் சுருக்கி வையுங்கள். கடைசி 60 மைலில் நேரத்தைக் கணக்கிட்டு, இருட்டில் சேருவதுபோல் தெரிந்தால் அங்கேயே வேகத்தைக் குறையுங்கள். தீவு தெரிந்த பிறகு யாருக்கும் வேகம் குறைக்க மனம் வராது.